சுவரா, சன்னலா?

ஆரணியில் பட்டு நெய்யும் வீட்டினுள் நின்றவர் அறிவர். தறியின் ஓசை உரத்து எழுந்தாலும் விரைவில் அடங்கிவிடும். அறை சிறிது, பாவும் துணியும் மனிதரும் ஒலியை உறிஞ்சுகின்றனர். அவ்வறையையே வெறுமையாக்கிப் பேசுங்கள். சுவர்கள் சொல்லைத் திருப்பித் திருப்பி எறியும்.

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரைக் கூடமொன்றில் பேச்சு விளங்காமற்போனது. காரணம் தேடிய வாலஸ் சபைன், அங்கே ஒலி அடங்க 5 வினாடிகளுக்கும் மேலாவதைக் கண்டார். இருக்கை மெத்தைகளைப் பரப்பி இரவிரவாக அளந்தார். கூடம் பெரிதானால் எதிர்முழக்கம் நீளும். உறிஞ்சும் பரப்பு மிகுந்தால் குறுகும் என்பது அவர் கண்ட விதி. ஒலியை முற்றும் ஏற்பதற்கு அவர் கொண்ட அளவுகோல் யாது? திறந்த சன்னல்!

மனிதரிடையேயும் இவ்விதி உண்டன்றோ? பெரிய இடத்திலிருந்து வரும் சொல் நெடுநேரம் தங்கும். கூலி தீர்க்கையில், "சேலை பழுது" என்று பலர் முன்னே எறியப்படும் ஒரு சொல், நெய்தவர் நெஞ்சில் பல நாள் முழங்கும். 'பொறுத்துக்கொள்' என்று அவருக்கே அறிவுரை கூறுகிறோம். அடிபட்டவரையே மெத்தையாகவும் இருக்கச் சொல்வது நீதியாகுமா?

பொறுப்பு முதலில் பேசுபவருடையது. அடுத்து, உடனிருந்து கேட்ட நம்முடையது. கேட்ட வசையை நால்வரிடம் சொன்னால் நாம் வெறுஞ்சுவர். நம்மோடு நிறுத்தினால் திறந்த சன்னல்.

எல்லா ஒலியையும் விழுங்கும் அறையில் இசை உயிரிழக்கும். ஆகவே பாராட்டு சற்றே முழங்கட்டும். பழி நம்மோடு அடங்கட்டும்.