காணப்படுதலும் ஒரு கடமை

பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத்தில், மலையடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் தாப்பா. கேமரன் மலைக்குச் செல்லும் பழைய சாலை இவ்வூரிலிருந்துதான் புறப்படுகிறது. லாத்தா இஸ்கண்டார் அருவியைக் கடந்து, ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவை நோக்கி அது வளைந்து வளைந்து ஏறுகிறது. மாலை மழை ஓய்ந்தபின் மூடுபனி இறங்கினால், அடுத்த வளைவு எங்கே என்பதே தெரியாது. அச்சாலையில் மிதிவண்டி வீரர்கள் மலையேறிப் பழகுவர்; காய்கறி ஏற்றிய லாரிகள் இறங்கி வரும்; பூர்வகுடி மக்கள் சாலையோரமாகத் தம் குடியிருப்புகளுக்கு நடந்து செல்வர். அனைவருக்கும் உரிய சாலை அது. ஆயினும் அனைவரும் அதில் ஒரே அளவில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அத்தகைய சாலை ஒன்றில், பொழுது சாய்ந்தபின், கருநிறச் சட்டை அணிந்த இளைஞன் ஒருவன் மெதுவோட்டம் ஓடுவதாகக் கொள்வோம். எதிரே ஒரு மகிழுந்து வருகிறது. மயிரிழையில் அவனைத் தவிர்த்து விலகி நிற்கிறது. "கண் தெரியவில்லையா?" என்று இளைஞன் சினந்து கேட்கிறான். "உன்னைக் காண்பதற்கு நீ என்ன வழி வைத்தாய்?" என்று ஓட்டுநர் திருப்பிக் கேட்கிறார். இரண்டு வினாக்களிலும் நியாயம் உண்டு. முதல் வினா எல்லாருக்கும் பழகியது. காண்பது கடமை என்பதை உலகம் என்றோ ஒப்புக்கொண்டுவிட்டது. இரண்டாம் வினாதான் ஆராயத்தக்கது. பிறர் கண்ணுக்குப் புலப்படுமாறு தன்னை வைத்துக்கொள்வதும் மனிதனின் கடமையாகுமா? அன்றி, அது அவனவன் விருப்பத்தைச் சார்ந்த வெறும் முன்னெச்சரிக்கைதானா?

இருளில் விளையாடுவதும் ஓடுவதும் ஊதாரித்தனம் என்று தள்ளிவிட இயலாது. இந்நாட்டில் அதற்குத் தக்க காரணங்கள் உள. பகல் வெயிலில் ஓடுவது உடலுக்குக் கேடு. வேலைக்குச் செல்வோருக்கு விடியற்காலையும் மாலைக்குப் பிந்திய நேரமுமே மிஞ்சுகின்றன. இதனோடு கடிகாரமும் சேர்ந்துகொண்டது. 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கி, சபா, சரவாக் மாநிலங்களோடு நேரம் ஒன்றுபட வேண்டுமென்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. அதனால் ஞாயிறு எழுவது காலை ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பின்னரோதான். ஆறு மணிக்கு ஓடப் புறப்படுபவரும், ஆறரைக்குப் பள்ளிக்குப் புறப்படும் மாணவரும் இருளில்தான் சாலையில் கால் வைக்கின்றனர். ஆகவே இருளை முற்றிலும் விலக்குவது இயலாத அறிவுரை. இருளோடு எவ்வாறு ஒழுகுவது என்பதே கேள்வி.

வள்ளுவப் பெருந்தகை வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களையும் அடுத்தடுத்து வைத்தார். வலிமை மட்டும் போதாது. அது எப்பொழுது, எங்கே என்பதும் வேண்டும் என்பது அவ்வரிசையிலேயே விளங்கும். காக்கையும் கூகையும் மோதினால் வெற்றியை முடிவு செய்வது பொழுதே என்பது அவர் காட்டும் உவமை. ஓட்டக்காரனின் கால்வலிமை பகலிலும் இரவிலும் ஒன்றேதான். ஆனால் இரவில் அவன் உயிரைக் காப்பது அவன் காலன்று, பிறர் கண். அந்தக் கண்ணுக்கோ இரவில் வலிமை குறைவு.

இங்கே ஒரு மயக்கம் உண்டு. இருளில் நிற்பவன் வருகின்ற மகிழுந்தின் விளக்குகளை நெடுந்தொலைவிலிருந்தே காண்கிறான். 'இவ்வளவு தெளிவாக நான் அதைக் காண்கிறேனே, அதுவும் என்னைக் காணாதிருக்குமா?' என்று அவன் மனம் முடிவு கட்டுகிறது. இம்முடிவு பிழையானது. ஒளி உள்ளவனை இருளில் உள்ளவன் காண்பான். இருளில் உள்ளவனை ஒளி உள்ளவன் காணமாட்டான். இரவு நேர நடையாளர்கள் தாம் பிறருக்குத் தெரியும் தொலைவை மிகுதியாகவே மதிப்பிடுகின்றனர் என்று இத்துறையில் ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். தன்னைத் தானே மையமாக வைத்து உலகைக் காணும் பழக்கம் ஒழுக்கத்தில் மட்டுமன்றிச் சாலையிலும் மனிதனை ஏமாற்றுகிறது.

கணக்கு இதனை இன்னும் தெளிவாக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்து ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் ஒன்றைக் கண்டு, இன்னதென உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகுமெனக் கொண்டால், அதற்குள் 25 மீட்டர் கழிந்துவிடும். உலர்ந்த சாலையில் வண்டி நிற்க மேலும் 20 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 45 மீட்டர். வேகம் 90 கிலோமீட்டராயின் இத்தொலைவு 80 மீட்டரைத் தாண்டும். ஈரச் சாலையில் இன்னும் நீளும். தாழ்த்திய விளக்கொளியில் கருநிற ஆடை அணிந்தவர் பல வேளைகளில் 30 மீட்டருக்குள் வந்த பின்னரே புலப்படுகிறார். ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை அணிந்தவரோ 100 மீட்டருக்கு அப்பாலும் தெரிவார். 30 மீட்டருக்கும் 45 மீட்டருக்கும் இடையிலுள்ள அந்தப் பதினைந்து மீட்டரில் எத்துணைத் திறமையான ஓட்டுநராலும் ஒன்றும் செய்ய இயலாது. அவருடைய நல்லெண்ணம் அங்கே பயன்படாது.

இது ஏட்டுக் கணக்கு அன்று என்பதை இந்நாடு பெருந்துயரத்தோடு அறிந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், பின்னிரவு மூன்று மணியளவில், ஜொகூர் பாருவின் ஜாலான் லிங்காரான் டாலாம் சாலையில், மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்த சிறுவர் கூட்டத்தின்மீது ஒரு மகிழுந்து மோதியது. பதின்ம வயதுச் சிறுவர் எண்மர் உயிரிழந்தனர். அவர்கள் ஓட்டியவை 'பாசிக்கல் லாஜாக்' எனப்படும், மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகள். விரைவுக்காகத் தாழ்த்தி அமைக்கப்படும் இவ்வகை வண்டிகளில் பொதுவாகப் பிரேக்கும் இருப்பதில்லை, விளக்கும் இருப்பதில்லை.

மகிழுந்தை ஓட்டிய இளம்பெண்மீது அபாயகரமாக ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டது. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் விடுவிக்கப்பட்டார். அம்முடிவில் சாலையின் இருளும் மேடும் வளைவும் கருதப்பட்டன. வழக்கு மீண்டும் நடந்தது. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் மறுபடியும் விடுவிக்கப்பட்டார். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அவருக்கு ஆறாண்டுச் சிறையும் ஆறாயிரம் ரிங்கிட் தண்டமும் விதித்தது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி அவரை விடுதலை செய்தது. ஆறாண்டுகளுக்கு மேலாக ஒரு நாடே இரு பிரிவாக நின்று வாதிட்டது. "அந்நேரத்தில் பிள்ளைகளைச் சாலையில் விட்ட பெற்றோர் எங்கே?" என்றனர் ஒரு சாரார். "எட்டு உயிர் போயிற்றே, யாருக்கும் பொறுப்பில்லையா?" என்றனர் மறு சாரார்.

இவ்வாதத்தில் இரு சாராரும் ஒரு வேறுபாட்டை மறந்தனர். பழி வேறு, பொறுப்பு வேறு. பழி பின்னோக்கிப் பார்ப்பது. நடந்து முடிந்ததற்கு ஒருவரைத் தேடுவது. அதனை அளந்து கூறுவது நீதிமன்றத்தின் பணி. பொறுப்போ முன்னோக்கிப் பார்ப்பது. நாளை நடவாதிருக்க இன்று யார் யார் என்ன செய்யவேண்டும் என்று கேட்பது. பழியை ஒருவர் தலையில் ஏற்றினால் மற்றவர் தலை இலேசாகிவிடும். பொறுப்பு அத்தகையதன்று. ஒருவர் ஏற்பதால் மற்றவருக்கு அது குறைவதில்லை. இறந்த சிறுவரைப் பழிப்பது இரக்கமின்மை. இருக்கும் சிறுவருக்கு விளக்கின் கடமையைக் கற்பியாதிருப்பது அதனினும் பெரிய இரக்கமின்மை.

'என் உயிர் என்னுடையது. அதை நான் எவ்வாறு ஈடு வைத்தால் பிறருக்கென்ன?' என்று கேட்போர் உளர். இவ்வாதம் துணிவின் குரலாக ஒலிக்கிறது. ஆயினும் சாலையில் இவ்வாதம் நிற்காது. விளக்கின்றி ஓடுபவன் தன் உயிரை மட்டும் ஈடு வைப்பதில்லை. முன்பின் அறியாத இன்னொருவரின் மன அமைதியையும் அவரைக் கேளாமலே ஈடு வைக்கிறான். குற்றம் ஏதும் எண்ணாமல் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒருவர், ஒரு நொடியில் 'உயிர் போக்கியவர்' ஆகிவிடுகிறார். நீதிமன்றம் அவரை விடுவிக்கலாம். அவர் உறக்கம் அவரை விடுவிக்குமா? வீட்டில் காத்திருக்கும் தாய்க்கும் அந்த இரவு முடிவதில்லை. தன்னுடையது என்று ஒருவன் எண்ணும் உயிரில் இத்தனை பேருக்குப் பங்கு உண்டு. ஆகவே இரவில் ஒளி ஏந்துவது அச்சத்தின் அடையாளம் அன்று. அது பிறருக்குச் செய்யும் மரியாதை. அஞ்சவேண்டிய இடத்தில் அச்சம் கொள்ளாதிருத்தல் வீரமாகாது, அறிவின்மையே என்று அறிவுடைமை அதிகாரமும் உணர்த்துகிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதனைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. 'காணப்படுதல் கடமை' என்று கூறத் தொடங்கினால், நாளை ஒவ்வொரு விபத்திலும் நடந்து சென்ற ஏழையின்மீதே குற்றம் விழாதா? பட்டை வாங்கப் பணமில்லாதவன், விளக்கில்லாச் சாலை வழியே வீடு திரும்புபவன், அவனுக்கு உயிர் வாழும் உரிமை குறைந்துவிடுமா? குறையாது. ஆற்றல் மிக்கவனுக்கே கடமையும் மிகுதி. ஆயிரம் கிலோ எடையுள்ள இரும்பை நகர்த்துபவர், தம் விளக்கொளி எட்டும் தொலைவுக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில்தான் செல்லவேண்டும். மூடுபனியில் அவ்வேகம் இன்னும் குறையவேண்டும். 'நான் காணவில்லை' என்பது, காணக்கூடிய வேகத்தில் வந்தவரின் வாயிலிருந்து வரும்போதுதான் விடையாகும்.

சமுதாயத்துக்கும் பங்கு உண்டு. தோட்டங்களில் மக்கள் வாழ்ந்த காலத்தில், பல தோட்டங்களில் லயங்களுக்கு அருகே ஒரு திடலும் இருந்தது. மாலையில் பந்து கண்ணுக்குத் தெரியும்வரை ஆடிவிட்டு, தெரியாதபோது வீடு திரும்பினர். தோட்டத்தை விட்டு நகர்ப்புற அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அத்தகைய திடல் எளிதில் வாய்ப்பதில்லை. விளையாட்டு என்பது இளமையின் பசி. அதற்குத் திடலும் ஒளியும் தராத ஊர், பிள்ளைகளைச் சாலைக்கு அனுப்புகிறது. ஆகவே எண்மர் இறந்த இரவைப் பற்றிப் பேசும்போது, 'அவர்கள் ஏன் அங்கே சென்றனர்?' என்பதோடு, 'வேறெங்கே செல்ல இடம் வைத்தோம்?' என்றும் கேட்பதே நடுநிலை.

இத்தனையும் கூறியபின், ஓடுபவனின் கடமை மறைந்துவிடுகிறதா? இல்லை. அது மிகச் சிறிய கடமை. ஆனால் அவனால் மட்டுமே செய்யக்கூடியது. நடப்பவரும் ஓடுபவரும் வாகனங்கள் எதிரே வரும் பக்கமாகச் செல்லுதல். மிதிவண்டியில் செல்வோர் போக்குவரத்தோடு ஒரே திசையில், ஒருவர் பின் ஒருவராகச் செல்லுதல். முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் பொருத்துதல். காதுகளை இசைக்கருவியால் அடைக்காதிருத்தல். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுதல். மூடுபனி இறங்கினாலும் இடி முழங்கினாலும் பயிற்சியை நிறுத்தித் திரும்புதல். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை.

ஒளிப்பட்டையை எங்கே அணிவது என்பதிலும் ஓர் அறிவு உண்டு. சுவீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னார் யோகான்சன் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று புகழ் பெற்றது. இருளில் ஒருவருடைய மூட்டுகளில் மட்டும் சிறு ஒளிப்புள்ளிகளைப் பொருத்தினார். அவர் அசையாதிருந்தபோது, காண்போருக்கு அவை பொருளற்ற புள்ளிகளாகவே தோன்றின. அவர் நடந்த மறுகணமே 'மனிதன் நடக்கிறான்' என்று அனைவரும் கண்டுகொண்டனர். பின்வந்த ஆய்வாளர் இதனைச் சாலைக்குப் பொருத்திப் பார்த்தனர். மார்பில் அணியும் பட்டை, ஏதோ ஒன்று இருக்கிறது என்று சொல்லும்; கணுக்காலிலும் முழங்காலிலும் மணிக்கட்டிலும் அணியும் பட்டை, இங்கே ஒரு மனிதன் வருகிறான் என்று சொல்லும். ஒரு பொருளைக் கண்டு விலகுவதற்கும் ஒரு மனிதனைக் கண்டு விலகுவதற்கும் இடையே நெஞ்சத்தில் எத்துணை வேறுபாடு!

இக்கடமையைக் கற்பிக்கும் இடம் பள்ளி. குறுக்கோட்டப் போட்டிக்கு மாணவரை விடியுமுன் பயிற்சிக்கு அழைக்கும் ஆசிரியர், முதலில் பார்க்கவேண்டியது கடிகாரத்தை அன்று, வானத்தை. ஒளி வரும்வரை திடலிலேயே உடற்பயிற்சி. ஒளி வந்தபின் சாலை என்னும் ஒழுங்கு போதும். வெற்றிக் கிண்ணம் அடுத்த ஆண்டும் கிடைக்கும். நன்னெறிப் பாடத்தில் 'பிறருக்குத் தீங்கு செய்யாதே' என்று கற்பிப்பதோடு, 'பிறர் அறியாமல் உனக்குத் தீங்கு செய்துவிடும் நிலையில் அவரை நிறுத்தாதே' என்பதையும் சேர்த்துக் கற்பித்தால் அறம் நிறைவு பெறும்.

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோர் விடியுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைகளுக்குள் சென்றனர். மரப்பட்டையில் கோடு தெரியவேண்டும் என்பதற்காகவே அவ்விளக்கு. ஆயினும் தொலைவிலிருந்து காண்போருக்கு அது வேறொன்றையும் சொல்லிற்று. இருண்ட காட்டினூடே அசைந்து செல்லும் அந்தச் சிறு ஒளி ஒவ்வொன்றின் கீழும் ஒரு தாயோ தந்தையோ இருந்தனர். அத்தோட்டங்கள் பலவும் இன்று செம்பனையாகவும் வீடுகளாகவும் மாறிவிட்டன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உடல்நலத்துக்காக விடியுமுன் எழுந்து தாப்பாவின் சாலைகளில் ஓடுகின்றனர். பாட்டன் வயிற்றுக்காக ஏந்திய விளக்கைப் பேரன், எதிரே வருபவரின் நிம்மதிக்காக ஏந்தட்டும்.