காண்டலும் உரையும்

பிணைந்த துகள் இரண்டு, சேய்மைக்கண் நின்று அளக்கப்படினும், தம்முள் இயைந்த விடையே தரும் என்பது குவாண்டம் நூலார் துணிபு. 2022-இல் அகமதாபாத்தில் இந்திய விஞ்ஞானிகள் 300 மீற்றர் வெளியில் இப்பிணைப்பாலே மறைத்திறவுகோல் ஆக்கினர். இது கேட்டு, "நம் அத்துவிதம் மெய்ப்பட்டது" என வகுப்பிற் கூறுதல் ஆசிரியர்க்கு அறமாமோ? சோதனைக் கணக்கைத் தேடிக் காணாது கூறுதல் அறமன்றென்பேம் யாம்.

2015-இல் ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீற்றர் இடையிட்டு 245 முறை சோதித்தனர். துகள்கள் முன்னரே விடையைத் தம்முட் கொண்டு தனித்து நிற்பின் 2-ஐ மிகலாகாத எண், 2.42 ஆயிற்று, ஐயவெல்லை 0.20. அம்மூலக்கணக்கு வெலிமடையிலும் கணினிவழி எவர்க்கும் கிட்டுவது. அது துகள்களின் இயைபையே காட்டும்; உயிரையும் இறையையும் பேசாது. செவிவழிச் செய்தி அந்த 0.20-ஐ விழுங்கிவிடும்; காண்டல் விடாது. ஆகலின், ஆசிரியன்மீர், கண்டபின் உரைமின்! பிறர் ஆய்வை மிகைத்துரைத்து நம் சமயத்தை நாட்டல் அதற்குச் சிறப்பன்று, இழுக்கே.