லேசாகத்தான் அழுத்தினேன்

என் அக்காள் மகன் ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறான். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் சரக்கு ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போவதும், வெறும் வண்டியாகத் திரும்புவதும் அவன் பிழைப்பு. முருங்கைக்காயும் தக்காளியும் விடிவதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஆகையால் அவனுக்கு இரவுதான் பகல்.

சென்ற ஆண்டு ஐப்பசியில், மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவு, முன்னே போன பெரிய லாரியை அவன் முந்திக்கொண்டிருந்தபோது அது திடீரென்று வலப்பக்கம் ஒதுங்கியது. வண்டியோடு வந்த ஹார்னை அழுத்தினான். அது நனைந்த பூனை மாதிரி முனகிற்றாம். லாரிக்காரர் காதில் விழவில்லை. கண்ணாடி போயிற்று, கதவு நசுங்கிற்று. அவன் பிழைத்தது ஒரு சாண் இடைவெளியில். அக்காள் டெலிபோனில் அழுதாள். "ஏர் ஹார்ன் மாட்டப் போகிறேன் மாமா" என்று அவன் சொன்னபோது, அதற்குப் பணம் கொடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் நியாயம் பேசத் தொடங்கும்போது வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பூட்டுவதைப் பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வயரிங் கடை. கடைக்காரர் வாய்ப்பேச்சில் அலட்சியமானவராக இருந்தாலும் கைவேலையில் சுத்தமான மனிதர். சிவப்பு நிறத்தில் இரண்டு குழல்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. நீளமானது கனத்த குரல், குட்டையானது கீச்சுக் குரல். இரண்டும் சேர்ந்து ஒலித்தால்தான் காதைத் தைக்கும். மழைநீர் உள்ளே தங்காதபடி குழல்களின் வாயைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து முன்பக்கத்துக் கம்பியில் இறுக்கினார். காற்றை அழுத்தி அனுப்பும் மோட்டார் ஒரு கைப்பிடி அளவுதான். அதை நிமிர்த்தி வைத்துப் பூட்டி, ரப்பர் குழாயைக் கூடியவரை குட்டையாக வெட்டி இணைத்தார். எர்த் கம்பிக்காக ஓரிடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பைப் பளபளவென்று ஆக்கினார். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திலேயே ஃப்யூஸ். "கம்பி எங்கேயாவது உரசினா இது போகட்டும் சார், வண்டி போக வேண்டாம்" என்றார்.

என் கண்ணைக் கவர்ந்தது இவற்றில் எதுவும் அல்ல. தீப்பெட்டியிலும் சிறிய ஒரு கறுப்புப் பெட்டி. அதன் பெயர் ரிலே. அடியில் நான்கு கால்கள். 85, 86, 30, 87 என்று பொடி எழுத்தில் எண்கள். பழைய ஹார்ன் பட்டனிலிருந்து வரும் மெல்லிய கம்பி 86-க்குப் போகிறது, 85 எர்த்துக்கு. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக வரும் தடித்த கம்பி 30-க்கு, 87-லிருந்து மோட்டாருக்கு.

"இது இல்லாமல் நேராக இணைத்தால் என்ன?" என்று கேட்டேன்.

"ஸ்டியரிங்கில இருக்கிற பட்டன் கருகிப் போயிடும் சார். மோட்டார் பதினஞ்சு இருபது ஆம்பியர் இழுக்கும். அந்தச் சின்னக் கம்பி தாங்குமா? இது நடுவில இருந்தா, பட்டனுக்குக் கால் ஆம்பியர்கூட வேண்டியதில்லை. பட்டன் சும்மா கண்ணைக் காட்டும். வேலையைச் செய்யறது இது." பிறகு என் மருமகனைப் பார்த்து, "தம்பி, லேசாத் தொட்டாப் போதும்" என்றார்.

அவன் தொட்டான். எதிரே டீக்கடையில் யார் கையிலிருந்தோ ஒரு கண்ணாடித் தம்ளர் விழுந்து உடைந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தைப்பூசத்துக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது எனக்குப் பழனியில் ஒரு காரியம் வந்தது. இரவு அவன் வண்டியிலேயே ஏறிக்கொண்டேன். அந்த நாட்களில் திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை சாலையின் ஓரமெல்லாம் மனிதர்கள்தாம். பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாக, குடும்பம் குடும்பமாக நடந்துகொண்டே இருப்பார்கள். எங்களுக்கு முன்னே ஒரு லாரி தள்ளாடித் தள்ளாடிப் போயிற்று. டிரைவர் கண்ணயர்ந்துவிட்டாரோ என்று எனக்கே பயமாக இருந்தது. என் மருமகன் ஹார்னை அழுத்தினான். லாரி நேராயிற்று. அதே கணத்தில், இடப்பக்கம் ஓரமாக நடந்துகொண்டிருந்த ஒரு கிழவி தூக்கிப்போட்டது போலத் துள்ளி, சரளைக்கல்லில் விழுந்தாள்.

இறங்கி ஓடினோம். இரண்டு உள்ளங்கையும் உரிந்து ரத்தம். வேறு காயம் இல்லை. அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. எங்களை நிமிர்ந்து பார்த்து, "வழியை அடைச்சுக்கிட்டு நடந்துட்டேனா சாமி?" என்று கேட்டாள்.

வண்டியில் ஏறிய பிறகு வெகுநேரம் கழித்து அவன் சொன்னான்: "லேசாகத்தான் அழுத்தினேன் மாமா."

அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

சட்டம் இந்த ஹார்னைத் தடுக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, அளவுமீறிக் கடூரமாகவும் கூர்மையாகவும் மிரட்டும்படியாகவும் ஒலிக்கும் கருவி எதையும் வண்டியில் பூட்டக்கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம் என்று 2000-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கடைக்காரருக்கு இது தெரியாததல்ல, எனக்கும் தெரியும். தெரிந்தே பணம் கொடுத்தேன். ஆகவே சட்டத்தின் மேடையில் ஏறி நின்று பேச எனக்கு யோக்கியதை இல்லை. நான் கேட்க விரும்புவது வேறு: தன் கைக்குத் தெரியாத பலத்துக்கு மனிதன் பொறுப்பாளியா?

பழைய மோட்டார்களில் ரப்பர் பந்து வைத்த ஹார்ன் இருந்தது. மெல்லப் பிடித்தால் மெல்ல ஒலிக்கும். ஊரை எழுப்ப வேண்டுமானால் கை வலிக்கப் பிழிய வேண்டும். வண்டிக்காரன் "ஓரம், ஓரம்" என்று கத்தினால் தொண்டை கமறும். பிறர் காதுக்குப் போவதில் ஒரு பங்கு முதலில் தன் உடம்பில் பட்டுவிட்டுத்தான் போகும். கிழவியைப் பார்த்துக் கத்துகிறவனுக்குத் தன் குரலே கேட்கும். கேட்டதும் கொஞ்சம் வெட்கப்படுவான், தணிந்துகொள்வான். ரிலே அந்தக் கணக்கைத் துண்டித்துவிட்டது. அதற்கு லேசு என்றும் பலம் என்றும் இல்லை. ஒட்டும் அல்லது விடும், அவ்வளவே. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு, வெளியே முன்புறம் நோக்கிப் பாயும் ஓசையில் பாதிகூடக் கேட்பதில்லை. பெரிய ஓசையால் திடுக்கிடும் உடம்பு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் துள்ளிவிடுகிறது. எங்கிருந்து ஓசை, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று மனம் யோசிப்பதற்கு முன்பே கால் இடறிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், 1835-இல் அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி என்ற பேராசிரியர் இந்த ஏற்பாட்டைச் செய்து காட்டியதும், பின்னால் தந்தியில் அது பயன்பட்டதும், மெலிந்தவனுக்கு உதவியாகத்தான். நீண்ட கம்பியில் ஓடி ஓடிக் களைத்துப் போன மின்சாரத்துக்குப் புது மின்சாரம் ஒன்றைத் துணைக்கு அழைத்துக் கொடுப்பதே அதன் வேலை.

இந்தக் கறுப்புப் பெட்டி வண்டியில் மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பல வருஷங்களுக்கு முன் ஓர் இளைஞருடைய கதையைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு வரி கேலியாக எழுதினேன். எழுத அரை நிமிஷம் ஆகவில்லை. நான் எழுதியது எனக்கிருந்த கால் ஆம்பியரில். அது போய்ச் சேர்ந்தது பத்திரிகையின் இருபது ஆம்பியரில். அவர் அதன்பின் எழுதியதாக நான் பார்க்கவில்லை. எப்போதாவது அவரைச் சந்தித்தால் சொல்ல வேண்டும் என்று நானும் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். அது என் மருமகன் சொன்ன வாக்கியம்தான்.

திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் கன்று அகப்பட்ட கதை நமக்கெல்லாம் தெரியும். இளவரசன் அதைக் கொல்ல நினைக்கவில்லை. அமைச்சர்கள் பரிகாரம் போதும் என்றார்கள். மன்னன் மகனுடைய எண்ணத்தை எடை போடவில்லை. செத்த கன்றைப் பார்த்தான். மகனைத் தேர்க்காலில் இட்ட தண்டனையை என்னால் ஏற்க முடியாது. ஆனால் அந்த அரண்மனை வாயிலில் தொங்கிய மணியை நினைத்துக்கொள்கிறேன். அது வாயில்லாத பசு இழுத்தாலும் மன்னன் காதில் விழுவதற்காகக் கட்டியது. சாலையில் நாம் கட்டுவது மன்னன் பக்கத்து மணி.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "மாமா, அன்றைக்கு அந்த லாரி நேராகாமல் இருந்திருந்தால் அந்தக் கிழவியோடு இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்கள்?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் வரவில்லை. லாரிகளெல்லாம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பாட்டுப் போட்டுக்கொண்டு போகின்றன. ஒருவன் உரக்க ஊதினால் மற்றவன் அதைவிட உரக்க ஊதுகிறான். இவன் ஒருவன் மட்டும் முனகிக்கொண்டு போய் உயிரை விட வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வேன்? அக்காளிடம்தான் எப்படிச் சொல்வேன்?

கடைக்காரர் ஒரு வழி சொன்னார். டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச்; ஒரு பக்கம் தள்ளினால் பழைய ஹார்ன், மறுபக்கம் தள்ளினால் புதியது. அந்த வேலைக்கான கூலியையும் நானே கொடுத்தேன். ஊருக்குள்ளும் நடைக்காரர்கள் இருக்கும் இடத்திலும் பழையதைத்தான் வைத்துக்கொள்கிறேன் என்கிறான்.

சென்ற வாரம் மறுபடியும் அவன் வண்டியில் ஏறினேன். ஏறியதும் என் கண் சுவிட்சின் மேல் போயிற்று. அது மேல்பக்கமாக இருந்தது. நான் பார்ப்பதை அவனும் பார்த்தான். மேல்பக்கம் எந்த ஹார்ன் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பழனி வரைக்கும் தக்காளி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம்.