நோன்பாளியின் வாயும் மிஸ்வாக் குச்சியும்

ரமலானில் நண்பகல் தாண்டிய பிறகு பல் குச்சியைத் தொடலாமா? இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிவரும் கேள்வி இது. சூரியன் உச்சி சாய்ந்த பின் நோன்பாளி மிஸ்வாக் குச்சியால் பல் துலக்குவது ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது. ஹனஃபி மத்ஹபில் நாள் முழுதும் தடையில்லை. மாலிக்கி அறிஞர்களின் கவலை வேறு: பச்சைக் குச்சியின் சாறு தொண்டைக்குள் இறங்கிவிடக் கூடாது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபிஈகள் மிகுதி, உள்நாட்டில் ஹனஃபிகள். ஆக, நோன்பு நாளின் பிற்பகலில் ஓர் ஊரில் பைக்குள் கிடக்கும் குச்சி இன்னோர் ஊரில் பல்லில் இருக்கும்.

ஷாஃபிஈகளின் வாதத்தில் சுகாதாரத்துக்கு இடமே இல்லை. நோன்பாளியின் வாய்வாடை இறைவனிடத்தில் கஸ்தூரியைவிட உயர்ந்தது என்பது நபிமொழி. வழிபாட்டால் விளைந்த அந்த வாடையை நோன்பாளி தானே போக்கிக்கொள்வது தகுமா என்பதே அவர்கள் கேள்வி.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான பார்வை ஒன்று கடைக்கு வந்தது. செயின்ட் லூயிஸில் 1879இல் பிறந்த லிஸ்டரின் என்ற வாய் கொப்பளிப்பு நீர், அறுவைச் சிகிச்சைக்கான கிருமிநாசினியாகத்தான் தொடங்கியது. 1920களில் அதன் விளம்பரங்கள் வாய்நாற்றத்தைச் சமூகக் குற்றமாக்கி விற்பனையைப் பெருக்கின. விளம்பரம் மிகை, சரக்கு பொய்யல்ல. அதிலுள்ளவை தாவர எண்ணெய்ப் பொருட்கள். தைமால் ஓமத்தில் இருப்பது. மென்தால் புதினாவில், யூகலிப்டால் தைல மரத்தில். பல் துலக்குவதோடு இதைக் கொப்பளித்துவந்தால் பல்லில் படியும் கிருமிப்படலமும் ஈறு வீக்கமும் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. (பழைய லிஸ்டரினில் 26.9 சதவீதம் ஆல்கஹால். ஆல்கஹால் கலந்ததைக் கொப்பளிக்கலாமா என்பது தனி ஃபத்வா விவாதம்.)

மிஸ்வாக் குச்சியிலும் இப்படி ஓர் எண்ணெய் உண்டு. அராக் எனப்படும் உகா மரத்தின் வேரை மென்றால் கடுகு போலக் காரம் ஏறும். பென்சைல் ஐசோதயோசயனேட் என்ற சேர்மத்தின் வேலை அது. கடுகின் காரமும் அதே குடும்பம்தான். சுவீடனின் கரோலின்ஸ்கா கழக ஆய்வாளர்கள், கிருமிகள் வளரும் தட்டின்மேல் படாமல் குச்சித் துண்டுகளை நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். ஆவியே ஈறுநோய்க் கிருமிகளைத் தாக்கியது. 2011இல் வெளியான அவர்களின் ஆய்வு இந்தச் சேர்மத்தை அடையாளம் காட்டியது. தட்டில் நடப்பதெல்லாம் வாயில் நடக்கும் என்பதற்கில்லை என்பது வேறு விஷயம்.

பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் நபி சொன்னதை விஞ்ஞானம் இன்று ஒப்புக்கொண்டது என்று மேடைகளில் பூரிப்பவர்கள் உண்டு. பூரிப்பு புரிகிறது, தர்க்கம்தான் உதைக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்து, முடிவை 1965இல் வெளியிட்டார். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கியதும் போய்விட்டது. படலத்தை ஒழுங்காகத் தேய்த்தெடுத்தால் எண்ணெய் இல்லாமலே ஈறு தேறும். மிஸ்வாக்குக்கு ஈறுதான் காரணம் என்றால், பிரஷ்ஷே மேல் என்று நாளை ஓர் ஆய்வு வரும்போது குச்சியைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

இந்தச் சிக்கலுக்கு மார்க்கச் சட்டவியலிலேயே வழி இருக்கிறது. சட்டத்தின் காரணம் இல்லத். அதில் பொதிந்த நன்மை ஹிக்மத். பயணி தொழுகையைச் சுருக்கலாம் என்பதற்கு இல்லத் பயணம். களைப்பைக் குறைப்பது ஹிக்மத். குளிர்சாதன ரயிலில் படுத்துக்கொண்டே போகிறவருக்கும் சலுகை உண்டு. ஈறு நலம் மிஸ்வாக்கின் ஹிக்மத்தாக இருக்கலாம். அதை இல்லத்தாக்கும்போதுதான் வழிபாடு ஆய்வுக்கூடத்தின் தயவில் நிற்க நேர்கிறது.

நபிகள் நாயகத்தின் கடைசி நேரத்தை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. மனைவி ஆயிஷாவின் சகோதரர் கையில் இருந்த குச்சியை நபி பார்க்கிறார். ஆயிஷா அதை மென்று பதப்படுத்தித் தருகிறார். நபி பல் துலக்குகிறார். உயிர் பிரியும் வேளையில் நாளைய ஈறுகளைப் பற்றி யாருக்கு என்ன கவலை? 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, இறைவனை நினைவுகூரவும் மறையை ஓதவும் வாயைத் தூய்மையாக்குகிறேன் என்று நினைத்தே மிஸ்வாக் செய்ய வேண்டும் என்கிறார். வாய்த் தூய்மையை அவர் ஒதுக்கவில்லை. அது எதற்காக என்பதைத்தான் திருத்துகிறார்.

அதனால்தானோ என்னவோ, கருவி விஷயத்தில் ஷாஃபிஈ நூல்கள் தாராளமாக நடந்துகொள்கின்றன. அராக் சிறந்தது, சொரசொரப்பான வேறு எதுவும் ஆகும். இதை வைத்தே பிரஷ்ஷையும் பலர் ஏற்கிறார்கள். சொந்த விரல் செல்லுமா என்பதில்தான் அறிஞர்களிடையே வழக்கு தீரவில்லை.