பயணத்தில் காணாமற் போனவர்



நாசரேத்திலிருந்து யெருசலேமுக்கு ஏறக்குறைய 120 கிலோமீற்றர். நடந்து போனால் மூன்று நான்கு நாட்கள் பிடிக்கும். சூசையப்பரும் மரியன்னையும் ஆண்டுதோறும் பாஸ்காத் திருவிழாவுக்காக இந்தத் தூரத்தைப் போய் வந்தார்கள் என்று புனித லூக்கா எழுதுகின்றார். அவர்கள் தனியே போகவில்லை. உறவினரும் ஊரவரும் ஒரு கூட்டமாகச் சேர்ந்து போனார்கள். மடுமாதாவிடம் நம் பாட்டன் பூட்டன்மார் வண்டி கட்டிக்கொண்டு போனதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இயேசுவுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்த ஆண்டில், திரும்பி வரும் வழியில்தான் பிள்ளையைக் காணவில்லை. வீட்டில் இருந்தபோது தொலையவில்லை, சந்தையில் தொலையவில்லை, குடும்பமாகப் போன பயணத்தில் தொலைந்தார். பெற்றோர் அசட்டையானவர்களா? இல்லவே இல்லை. கூட்டத்தில் யாரோடாவது வருவார் என்று நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். சூசையப்பர் "தாயோடு வருகிறார்" என்றும், தாய் "தந்தையோடு வருகிறார்" என்றும் எண்ணியிருக்கக் கூடும் என்று சொல்லும் பழைய பிரசங்கிகளும் உண்டு. ஒரு நாள் வழி நடந்த பிறகே தேடத் தொடங்கினார்கள். மூன்றாம் நாளே கண்டார்கள்.

பாடசாலை விடுமுறை வரும்போதெல்லாம் இந்தப் பகுதி என் நினைவுக்கு வருகின்றது. ஏனெனில் நானும் ஒருமுறை அப்படி ஒருவரைத் தொலைத்தேன்.

அதைச் சொல்லுமுன் ஒரு வார்த்தை. "ஒருநாட் பயணம், பிக்னிக் என்பதெல்லாம் காசுள்ளவர்களின் வேலை, இதைப்பற்றிக் கத்தோலிக்கப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கின்றது?" என்று சிலர் கேட்கலாம். நான் அப்படி எண்ணுவதில்லை. நம் பகுதியில் ஒரு தலைமுறையே தன் மாவட்டத்தைப் பாராமல் வளர்ந்தது. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக பாஸ் வேண்டும், சோதனைச்சாவடியில் வரிசை வேண்டும். 2009இல் போர் முடிந்த பிறகுதான் தகப்பன் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், "இது உன் கடல், இது உன் குளம்" என்று காட்ட முடிந்தது. போதிக்கப் போய்க் களைத்து வந்த சீடரை நம் ஆண்டவரே தனிமையான ஓர் இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறும்படி அழைத்தாரென்று மாற்கு நற்செய்தி சொல்கின்றது. படகிலே போனார்கள் என்றும் சொல்கின்றது. ஆகவே கடற்கரைக்குப் போவது பாவமன்று.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்துப் போயா நாளில், பங்கிலிருந்து இரண்டு வான்களில் புறப்பட்டோம். ஞாயிற்றுக்கிழமையை வேண்டுமென்றே தவிர்த்தோம். ஞாயிறு விடியற்காலையில் வான் ஏறிவிட்டு, "வழியில் எங்காவது பூசை இருக்கும்" என்று சொல்லும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த "எங்காவது" அநேகமாகக் கிடைப்பதில்லை.

முதலில் வங்காலைப் புனித அன்னாள் ஆலயத்தில் இறங்கிச் செபித்தோம். 1985 ஜனவரி 6ஆம் திகதி அங்கே பங்குத்தந்தையாக இருக்கும்போது கொல்லப்பட்ட மேரி பஸ்ரியன் அடிகளாரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவர்களுள் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. பின்னர் அருவி ஆற்றைக் கடந்து அரிப்புக்குப் போனோம். கண்டி மன்னன் காலத்தில் 1660இல் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மறியலில் இருந்த ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், 1679இல் தன் தோழனொருவனுடன் இந்த ஆற்றையே வழிகாட்டியாகக் கொண்டு காட்டினூடாக நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையைத் தஞ்சமடைந்தான். பையன்களுக்கு மிகவும் பிடித்தது இந்தக் கதைதான்.

அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் இடையே, கடலோரத்து மண்மேட்டில் ஓர் இடிந்த மாளிகை நிற்கின்றது. ஆங்கிலேயர் அதை டோறிக் என்றார்கள். கிரேக்கத் தூண் வகையின் பெயர் அது. ஊரவர் அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். உண்மையில் அதைக் கட்டுவித்தவர் 1798 முதல் 1805 வரை இங்கே ஆட்சி செய்த முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த். முத்துக்குளிப்பு நடக்கும் காலத்தில் வந்து தங்கி மேற்பார்வை செய்வதற்காக இரண்டு மாடியில் எழுப்பிய இல்லம். செங்கல்லால் கட்டி, சிப்பி சுட்ட சுண்ணாம்பால் பூசினார்கள். இன்று அடியிலுள்ள மண்ணைக் கடல் தின்றுவிட்டது. ஒரு பகுதி சரிந்து அலையில் கிடக்கின்றது. "அதுதான் சுவாமி, இந்த ஊருக்கு அரிப்பு எண்டு பேர்" என்று ஒரு சிறுமி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு பையன், மணல் மீது வீடு கட்டிய மனிதனின் உவமையை நினைவுபடுத்தினான். மறைக்கல்வி ஆசிரியைக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

நான் பிரசங்கம் தொடங்க வாய் திறந்தேன். அதற்குள் எங்களோடு வந்த கோவில் மூப்பர் பேசத் தொடங்கிவிட்டார். வயது எழுபதுக்கு மேல். பயணத்துக்கு வரமாட்டேன் என்று மறுத்தவரை மகள்தான் வற்புறுத்தி அனுப்பியிருந்தார். அவருடைய பாட்டனார் முத்துக்குளிப்புத் தோணிகளில் போனவராம். பிள்ளைகள் அவரைச் சுற்றி மணலில் உட்கார்ந்தார்கள்.

குளிப்பவன் ஒரு கல்லில் காலை ஊன்றிக்கொண்டு, கல்லின் பாரத்தோடு ஐந்து பாகம், எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழத்துக்குப் போவானாம். மூச்சடக்கி ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளையெல்லாம் வலைக்கூடையில் அள்ள வேண்டும். தோணியில் கயிறு பிடிப்பவன் ஒருவன் இருப்பான். கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். "கயிறு பிடிக்கிறவன் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாக்கக் கூடாது. பாத்தானெண்டால் கீழ நிக்கிறவன் முடிஞ்சான்" என்றார் மூப்பர். தூத்துக்குடி, கீழக்கரை, பாம்பன் பக்கங்களிலிருந்து நம் வேதக்காரரும் முஸ்லிம்களும், பின்னாளில் அராபியரும் வந்து குளித்தார்கள். கூலி காசாக இல்லை. எடுத்த சிப்பியிலே ஒரு பங்கு. மற்றது அரசாங்கத்துக்கு. அதை ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். சிப்பியைக் குவித்து அழுகவிட்டுக் கழுவித்தான் முத்து எடுப்பது; நாற்றம் பல மைல் தூரத்துக்குப் போகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியோடு எல்லாம் ஓய்ந்து போயிற்று.

விலையுயர்ந்த ஒரு முத்துக்காகத் தனக்குள்ளதையெல்லாம் விற்ற வணிகனைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கின்றேன். அந்த முத்தை அடியிலிருந்து எடுத்து வந்தவன் யார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மத்தேயு நற்செய்தி அதைச் சொல்லவில்லை. சொல்வது அந்த உவமையின் நோக்கமுமன்று. ஆனால் சிப்பிச் சுண்ணாம்பு உதிர்ந்த அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, அந்தக் கிழவரின் வாயிலிருந்து கேட்டபோது, இந்தக் கேள்வியை விட்டு விலக முடியவில்லை.

கதை முடிந்ததும் பிள்ளைகள் சிதறினார்கள். படமெடுக்கும் படலம் தொடங்கியது. கைத்தொலைபேசியில் தன்னைத்தானே பிடிக்கும் தகப்பனுக்குப் பின்னால், அவருடைய மூன்று வயதுப் பிள்ளை அலையை நோக்கி நடந்ததை நான் கண்ணால் கண்டேன். தாய் ஓடிப்போய்த் தூக்கினார். கயிறு பிடிப்பவனைப் பற்றி அப்போதுதான் கேட்டுவிட்டு வந்த தகப்பன்!

பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். முதல் வானில் நான் தலை எண்ணினேன், சரி. இரண்டாவது வானில் இருந்தவர்கள் "சரி சுவாமி" என்று கை காட்டினார்கள்.

வங்காலைப் பறவைகள் சரணாலயத்தை நீங்கள் பிரதான வீதியால் போகும்போதே பார்த்திருப்பீர்கள். 2008இல் சரணாலயமாக்கப்பட்டது; 2010 முதல் றம்சார் ஈரநிலமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கின்றது; பரப்பு 4,800 ஹெக்ரேயருக்கு மேல். வடக்கே ஆசியாவின் பனி நாடுகளிலிருந்து பல ஆயிரம் கிலோமீற்றர் பறந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும், பூநாரைக் கூட்டங்களும் மாரிகாலத்தில் அங்கே இறங்குகின்றன. எங்கள் இரண்டாவது வானில் பாட்டுப் பெட்டி அலறிக்கொண்டு வந்தது. நிறுத்தச் சொன்னேன். வாலிபர் முகம் சுளித்தார்கள். உழைத்துக் களைத்தவனுக்கு மட்டுமா ஓய்வு? ஓய்வு நாளைப் பற்றிய கட்டளையில் பணியாளும் பணிப்பெண்ணும் மாடும் கழுதையும் வாசலுக்குள் வந்த அந்நியனும் ஒவ்வொருவராகச் சொல்லப்பட்டிருக்கின்றார்கள். அந்தப் பறவைகளும் இளைப்பாற வந்த அந்நியரே. பாட்டு நின்று பத்து நிமிடமானதும் பூநாரைகள் கரைக்குக் கிட்ட நடந்து வந்தன. முகம் சுளித்தவர்களே முதலில் "உஸ்" என்று மற்றவர்களை அடக்கினார்கள்.

அந்தக் கட்டளையை வாசிக்கும் நம் வீடுகளில் பயண நாளன்று அதிகாலை இரண்டு மணிக்கு எழும்பிச் சமைப்பவர் யார்? பார்சல் கட்டி, பிள்ளைகளை உடுத்தி, கடைசியாக ஏறி, பின் ஆசனத்தில் உட்கார்ந்து, திரும்பி வந்து பாத்திரம் கழுவுபவர் யார்? எல்லோரும் இளைப்பாற அவர் மட்டும் இரட்டிப்பு வேலை செய்த நாளுக்குச் சுற்றுலா என்று பெயர் வைத்திருக்கின்றோம். சாரதியையும் மறக்க வேண்டாம். அவருக்கும் ஒரு பார்சல் இருக்கின்றதா என்று பார்க்காமலே போன பயணங்கள் உண்டு. ஆண்கள் சிலர் வானுக்குப் பின்னால் ஒதுங்கிப் போத்தல் திறப்பதைப் பற்றி நான் இங்கே எழுதத் தேவையில்லை. வீட்டிலே எழுதுவதற்கு மேலாகவே சொல்லப்படுகின்றது.

நண்பகலில் மரநிழலில் சோற்றுப் பார்சல்களைப் பகிர்ந்தோம். ஒரு பார்சல் மிஞ்சியது.

எண்ணிக் கட்டிய பார்சல்கள். ஒன்று ஏன் மிஞ்ச வேண்டும்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மூப்பர் இல்லை. அவர் இரண்டாவது வானில் வருகிறார் என்று நாங்களும், சுவாமியோடு முன் வானில் இருக்கிறார் என்று அவர்களும்.

ஒரு வானை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினோம். உங்களிடம் மறைக்காமல் சொல்கின்றேன்: வழியில் எனக்கு முதலில் வந்தது பயம், அதுவும் அவரைப் பற்றிய பயமல்ல, அவருடைய மகளுக்கு என்ன சொல்வது என்ற பயம். பிறகு கோபம் வந்தது. செபம் மூன்றாவதாகத்தான் வந்தது.

டோறிக்கடியில் அவரில்லை. அலையைப் பார்க்கவே அஞ்சினேன். மீன் வாடியில் நின்ற ஒருவர், வயதான ஐயா ஒருவர் வீதியைக் கடந்து உள்ளே போனதாகச் சொன்னார். பற்றைக்குள்ளால் அரை மைல் நடந்திருப்போம். இடிந்த ஒரு கிணற்றுக்கட்டில் அமர்ந்திருந்தார்.

"என்ன ஐயா, எல்லாரும் தேடுறம். சொல்லிப்போட்டாவது வந்திருக்கலாமே" என்றேன். குரல் சற்று உயர்ந்தேதான் இருந்தது.

அவர் எழுந்து நின்றார். "ஏன் சுவாமி தேடினீங்கள்? நான் எங்கட அப்புவின்ர வீட்டிலதானே நிண்டனான்" என்றார்.

எனக்கு மறுமொழி வரவில்லை. அவருக்கு நற்செய்தியைச் சொல்லிக் காட்டும் எண்ணம் எதுவுமில்லை, உள்ளதைச் சொன்னார். அங்கே வீடென்று ஒன்றும் இல்லை. கிணறு, ஒரு வாசற்படி, பட்டுப்போன ஒரு முருங்கை. 2007 செப்ரெம்பரில் சண்டை வந்தபோது உடுத்த உடையோடு வெளிக்கிட்டவர். பின்னர் மற்றவர்கள் சிலர் திரும்பி வந்தார்கள். அவர் மகளோடு எங்கள் பங்கிலேயே தங்கிவிட்டார். பக்கத்து வளவைக் கையால் காட்டினார். அது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வளவு. 1990 ஒக்ரோபரில் அவர்களைத் துரத்தினார்கள். "அண்டைக்கு நாங்கள் வாசலில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனாங்கள் சுவாமி. ஒண்டும் சொல்லேல்லை. பிறகு எங்கட முறை வந்தது."

பத்து ஆண்டுகளாக நான் பூசை வைக்கும்போது மணி அடிக்கும் மனிதர் அவர். அவருடைய வீடு எது என்று நான் கேட்டதில்லை. அவரைத் தொலைத்தது அன்று பதினொரு மணிக்கா, அதற்கு முன்னரா?

அவரோடு சேர்ந்து அந்தக் கட்டிலேயே மூவரும் உட்கார்ந்தோம். சாரதி வானுக்குப் போய் மிஞ்சிய பார்சலை எடுத்து வந்தார். மூப்பர் அதைப் பிரித்து முதலில் எங்கள் இருவருக்கும் பிடி பிடியாகத் தந்துவிட்டே தாம் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிந்ததும் லஞ்ச் சீற்றைச் சிறிதாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அப்பம் பலுகிய நாளிலே மிஞ்சிய துண்டுகளை வீணாகாமல் சேர்க்கும்படி ஆண்டவர் சீடருக்குச் சொன்னாரல்லவா. வங்காலை மரநிழலில் எங்கள் கூட்டம் போட்டுவிட்ட பொலித்தீனையும் போத்தல்களையும் நினைத்து வெட்கப்பட்டேன். திரும்பிப் போனதும் முதல் வேலையாக வாலிபரும் நானும் அவற்றைப் பொறுக்கினோம். இரண்டு உரைப்பைகள் நிறைந்தன, எல்லாம் எங்களுடையவையுமல்ல.

மாலையில் வீடு போய்ச் சேர்ந்தபோது மகள் வாசலில் நின்றார். நடந்ததை நானே சொன்னேன். அவர் என்னை ஒன்றும் சொல்லாமல் தகப்பனிடம், "கிணத்தில தண்ணி இருக்கே அப்பா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது என்றார்.

இந்த முறை விடுமுறைக்குக் கட்டுக்கரைக் குளம் போவதாகப் பேச்சு. பெயர்ப் பட்டியலை மூப்பரிடம் கொடுத்திருக்கின்றேன். வானில் ஏறும்போது தலையை எண்ணாமல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறாராம். ஒரு ஆசனம் இன்னும் வெறுமையாக இருக்கின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஓர் அம்மாவைக் கேட்டுப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு இன்று காலையில் போயிருக்கின்றார்.