கேட்டு வாங்கியவரும் கொடுக்க வந்தவரும்

எங்கள் வீடு கொடிகாமச் சந்தைக்குக் கிட்ட. அதனால் சபைக்கு வருகிற வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் என் குசினியில்தான் ஆகும். ஊழியத்துக்கென்று கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் வருகிற இளம்பிள்ளைகள். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல வரவில்லை. ஆனால் வந்து இறங்கிய அன்றே எங்களைப் பற்றி ஒரு முடிவெடுத்துவிடுகிறார்கள். நான் கிணற்றில் அள்ளுவதைப் படமெடுத்த ஒரு பிள்ளை, தண்ணீர் வசதியில்லாத ஊர் இது என்று தன் சபைக்கு எழுதிவிட்டாள். எங்கள் வீட்டில் குழாய் இருக்கிறது. அன்றைக்குக் கரண்ட் இல்லை, அவ்வளவுதான்.

அவள் பொய் எழுதவில்லை. கொடுக்க வந்தவரின் கண்ணுக்கு முதலில் இல்லாமைதான் தெரியும். இல்லாமை எதுவும் இல்லையென்றால் அவ்வளவு தூரம் வந்ததற்கே நியாயம் இல்லாமல் போய்விடுமே.

இது இன்றைக்குத் தொடங்கிய கதை அல்ல. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபோது அவர்களோடு வந்தவர் பிலிப்பஸ் பால்டியஸ் என்ற போதகர். சாவகச்சேரி, கச்சாய், வரணி என்று எங்களைச் சுற்றியுள்ள ஊர்களின் கிறிஸ்தவக் கோயில்களையெல்லாம் பார்த்து எழுதினார். 1672இல் அது ஆம்ஸ்டர்டாமில் புத்தகமாக வந்தது. போர்த்துக்கேயர் விட்டுப்போன கத்தோலிக்கரைத் திருத்தி எடுக்க வேண்டும் என்ற கண்ணோடுதான் அவர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு படையும் ஓர் அரசாங்கமும் நின்றன. ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானம் எடுத்திருக்க வேண்டும். சனமும் எடுத்தது. இடாப்பில் கிறிஸ்தவர், வீட்டில் சைவர். ஒல்லாந்தர் போனதும் அந்தச் சபைகளில் பெரும்பாலானவை கரைந்து போயின.

அதே ஒல்லாந்தர் காலத்தில், 1687இல், இன்னொருவர் வந்தார். கோவாவைச் சேர்ந்த யோசவ் வாஸ். கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை இருந்தபடியால் கூலியாள் வேடத்தில் கடல் கடந்தவர். வந்த கையோடு வயிற்றுப்போக்கில் விழுந்தார். ஓர் ஏழைப் பெண் கஞ்சி கொடுத்து அவரைப் பார்த்துக்கொண்டாள் என்று அவருடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது. எழும்பி நடக்க முடிந்த பிறகு, கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்த மாலையைக் கண்டு எந்த முகம் மாறுகிறதோ, அது கத்தோலிக்க வீடு. நான் தென்னிந்தியத் திருச்சபைக்காரி, புனிதர்களிடம் மன்றாடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. என்றாலும் 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, புதுமைகளைவிட அந்தக் கஞ்சிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் இந்த மண்ணில் முதலில் கண்டது தனக்குக் கொடுத்த ஒரு கையை.

வாஸ் தேடி வந்தது ஏற்கெனவே விசுவாசித்தவர்களைத்தானே, புறமதத்தாரிடம் போகிறவரோடு அவரை ஒப்பிடலாமா என்று எங்கள் போதகர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் லூக்கா பத்தாம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை அனுப்பியபோது பணப்பையும் வேண்டாம், பாதரட்சையும் வேண்டாம், வைக்கிறதைச் சாப்பிடுங்கள் என்றுதானே சொல்லி அனுப்பினார்? அந்த எழுபது பேரும் முதலில் விருந்தாளிகள், பிறகுதான் பிரசங்கிகள். இந்த ஒழுங்கைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பசித்து வருகிறவருக்கு வீட்டுக்காரர் சோறு போடுகிறவர். பெட்டியோடு வருகிறவருக்கு அதே வீட்டுக்காரர் கை நீட்டுகிறவர்.

எங்கள் சபையின் வேரே அமெரிக்க மிசன்தான் என்பதால் அவர்களையும் சொல்ல வேண்டும். 1815 ஒக்டோபரில் கப்பலேறி, 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கியவர்கள். இருளில் கிடக்கும் சனம் என்ற எண்ணம் அவர்கள் கப்பலேறும்போதே மனதில் இருந்தது. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பழைய கிறிஸ்தவக் கோயில்களின் இடிபாட்டைத் திருத்திக் குடியேறினார்கள். அவர்களில் ஒருவரான டானியல் புவர் 1821இல் மனைவியை இங்கே புதைத்தார். தமிழ் படித்தார். ஊருக்குப் போய்த் திரும்பி வந்து, 1855இல் மானிப்பாயில் கொலராவில் இறந்தார். 1847இல் வந்த சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். முதற்பார்வையோடு நின்றிருந்தால் இவை நடந்திருக்காது. ஆனால் அந்தப் பார்வை மாற ஆண்டுக்கணக்கு எடுத்தது. இரண்டு கிழமைக்கு வருகிறவருக்கு அந்தக் காலம் ஏது?

வெளிநாட்டுக்காரரை மட்டும் சொல்வது நேர்மையல்ல. எங்கள் பிள்ளைகளும் வன்னிக்கும் மலையகத்துக்கும் ஊழியத்துக்குப் போகிறார்கள். திரும்பி வந்து ஆராதனையில் சாட்சி சொல்லும்போது கேட்டுப் பாருங்கள்: "பாவங்கள், ஒண்டுமே இல்லாத சனம்." அவர்களை அனுப்புகிற போதகர்மாருக்கு என் விண்ணப்பம் இதுதான். முதல் மாதம் அவர்களைப் பிரசங்கத்துக்கு ஏற்றாதேயுங்கள். நிவாரணப் பொதியையும் கொடுத்துவிடாதேயுங்கள். சாப்பாட்டையும் படுக்கையையும் அந்த ஊர்ச் சனத்திடமே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.