வலியார்க்கு வரும் அச்சம்

மெலியான் வலியானைக் கண்டு அஞ்சுதல் இயல்பு. அதற்கு விளக்கம் வேண்டா. வலியான் ஒருவன், தன்னினும் வலி குறைந்தவனாயினும் நாடோறும் வளர்ந்து வருகின்ற மற்றொருவனைக் கண்டு அஞ்சுவதே ஆராய்தற்குரியது. ஏதென்சு நகரின் வளர்ச்சியும் அது ஸ்பார்த்தாவுக்கு விளைத்த அச்சமுமே அவ்விரு நகரங்களையும் போரிற் புகுத்தின என்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீசு இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்தார். இந்நாளில் அமெரிக்கா சீனாவை நோக்கும் நோக்கைப் பற்றிப் பேசுவோர் பலரும் அவர் பெயரை எடுத்தாளுகின்றனர். அச்சம் உண்டாயிற்று என்பது சரி. அவ்வச்சம் அறத்தோடு பொருந்துவதா என்பதே யாம் ஈண்டு வினவப் புகுவது.

கடலாட்சி செய்த இங்கிலாந்தின் நடத்தையில் இதனை வைத்து நோக்குவாம். தனக்கு அடுத்த இரு நாடுகளின் போர்க்கப்பல்களை ஒருங்கு கூட்டினும் அவற்றிற்குக் குறையாத கப்பற்படை தனக்கு வேண்டுமென 1889 ஆம் ஆண்டில் அந்நாடு கொள்கை வகுத்தது. அக்காலத்தில் அதன் கண்முன்னே வளர்ந்த நாடுகளுள் முதன்மையானவை இரண்டு: ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடு; மற்றொன்று ஜேர்மனி.

1895 ஆம் ஆண்டு டிசெம்பர் 17 ஆம் நாள், வெனிசுவேலாவுக்கும் ஆங்கிலர்க்குரிய கயானாவுக்கும் இடைப்பட்ட எல்லையைத் தாமே ஆள் வைத்து ஆராய்வதாகவும், அவ்வெல்லையை இங்கிலாந்து மீறின் எவ்வாற்றானும் தடுத்தல் தம் நாட்டின் கடன் என்றும் அமெரிக்கத் தலைவர் கிளீவ்லண்டு தம் பேரவைக்கு எழுதினார். இதனினும் வெளிப்படையான மிரட்டு வேறில்லை. அதன்பின் பதினேழு நாட் கழித்து, ஆங்கிலர் சிலர் திரான்சுவால் நாட்டினுள் முறையின்றிப் புகுந்து தோல்வியுற்றபோது, ஜேர்மானியச் சக்கரவர்த்தி அந்நாட்டுத் தலைவர் குரூகருக்கு ஒரு வாழ்த்துத் தந்தி அனுப்பினார். தந்தி ஒன்றே, படையன்று. ஆயினும் இங்கிலாந்து மக்களின் சினமெல்லாம் தந்தி விடுத்தவர்மேற் சென்றது. கப்பற்படைப் பிரிவொன்று விரைந்து ஆயத்தமாக்கப்பட்டது. மிரட்டினவர்க்கோ இணக்கமே கிடைத்தது: எல்லை வழக்கு நடுவர்பால் விடப்பட்டது, 1901 ஆம் ஆண்டில், அமெரிக்கக் குறுநிலத்தில் வெட்டப்படவிருந்த கால்வாயில் ஐம்பது ஆண்டாகத் தனக்கிருந்த சம உரிமையையும் இங்கிலாந்து விட்டுக்கொடுத்தது.

வலியொன்றே அச்சத்துக்குக் காரணமாயின், அமெரிக்காவே மிகுதியும் அஞ்சப்பட்டிருத்தல் வேண்டும். 1900 ஆம் ஆண்டளவில் உருக்கு ஆக்கத்தில் அது இங்கிலாந்தையும் ஜேர்மனியையும் கடந்துவிட்டது. எனவே அச்சத்துக்கு வேறு காரணமும் உண்டு. ஜேர்மனியின் கடற்படை 1898, 1900 ஆம் ஆண்டுச் சட்டங்களாற் பெருகி இங்கிலாந்தின் வாயிலாகிய வடகடலிலே நின்றது. அமெரிக்காவோ பெருங்கடலுக்கு அப்பாற்பட்டது. வாயிலில் நிற்பவனை முன்னர் நோக்குதல் எவர்க்கும் இயல்பே. அன்றியும், அப்படையை அமைத்த திர்ப்பிட்சு என்பார் இங்கிலாந்தை நெருக்குதற்காகவே அதனை அமைத்தார் என்பதை மறைத்தல் நேர்மையன்று.

இனி, ஆங்கில வெளிநாட்டலுவலகத்து எயர் க்ரோ என்பவர் 1907 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் வரைந்த நெடுங்குறிப்பை நோக்குவாம். ஜேர்மனியிற் பிறந்து ஜேர்மானியத் தாயால் வளர்க்கப்பட்டவர் அவர், அந்நாட்டை அறியாதவரல்லர். அதன் முறையான வளர்ச்சியைத் தடுக்கலாகாது என்றும் அவர் எழுதியுள்ளார். ஆயின் அவர் வாதத்தின் உயிர்நிலை வேறு: ஜேர்மனி ஐரோப்பாவை ஆளக் கருதித் திட்டமிடுகின்றதா, கருத்தின்றித் தடுமாறிச் செல்கின்றதா என்று முடிவுசெய்தல் வேண்டா, இரண்டிலும் இங்கிலாந்துக்கு வரும் இடர் ஒன்றே என்பதாம். இவ்விடத்திலேதான் எமக்கு ஐயம் எழுகின்றது. கருத்தை ஆராய வேண்டா என்றால், குற்றஞ்சாட்டப்பட்டவன் தன்னைக் குற்றமற்றவனாகக் காட்டுதற்கு வழியாது? வளராதிருத்தல் ஒன்றே வழி.

பகைத்திறந்தெரிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், முள்மரத்தை இளமையிலேயே களைக என்றாரன்றோ எனின், என்றார். ஆயின் முள்மரத்தையே கூறினார், இளமரம் யாவற்றையுமன்று. முள் உண்டா என்று பார்த்தல் களைபவன் கடன். முள்ளைக் கண்டபின் களைதல் அரசநீதி. உயரத்தைக் கண்டு களைதல் பொறாமை.

அவ்வலுவலகத்திலே முன்னர்த் தலைமை வகித்து ஓய்ந்திருந்த சாண்டர்சன் என்னும் முதியவர் க்ரோவின் குறிப்பைப் படித்து மறுப்பெழுதினார். அயலார் கண்ணுக்கு ஆங்கிலப் பேரரசு, சந்துவாதங் கொண்ட விரல்களை உலகெங்கும் நீட்டிக் கிடந்து, ஒருவர் அணுகினும் அலறும் பேருருவனாகத் தோன்றும் என்பது அவர் கருத்து. தம்மவரைப் பற்றி இவ்வாறு எழுதுதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஆயினும் அரசியல் சென்ற வழி க்ரோவின் வழியே. 1909 ஆம் ஆண்டில் நான்கு பெருங்கப்பல் போதுமா, எட்டு வேண்டுமா என்று நாடு முழுவதும் ஆரவாரித்து, முடிவில் எட்டே கட்டப்பட்டன. 1912 ஆம் ஆண்டில் ஹோல்டேன் பிரபு பெர்லினுக்குச் சென்றபோது, கப்பலை முதலிற் குறைக்க என்றனர் ஆங்கிலர். போரில் நடுநிலை நிற்போம் என்று முதலில் உறுதி தருக என்றனர் ஜேர்மானியர். ஒருவரும் முற்படவில்லை.

இங்கிலாந்து அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்ததனை அறமென்று புகழ்வாருமுளர். அதனையும் யாம் முற்றும் உடன்படேம். 1899 ஆம் ஆண்டில் வெனிசுவேலாவின் எல்லையைத் தீர்ப்பிட்ட நடுவர் ஐவர். இருவர் ஆங்கிலர், இருவர் அமெரிக்கர், ஒருவர் இரசியர். நிலத்துக்குரிய நாட்டார் ஒருவரும் இலர். 1903 ஆம் ஆண்டில் அலாஸ்கா எல்லை வழக்கில் ஆங்கில நீதிபதி அமெரிக்கர் பக்கம் சாய, இழந்தது கனடா. பெரியார் இருவர் கைகோத்தனர். விலை பிறர் கொடுத்தனர்.

அவர்கள் பகைத்தபோதும் அவ்வாறே ஆயிற்று. 1914 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜேர்மனி பெல்ஜியத்தினுட் புகுந்தது. முள் அப்போது ஐயமின்றி வெளிப்பட்டது. இங்கிலாந்து போர் தொடுத்தவுடன் இலங்கையும் இந்தியாவும் தம் கருத்துக் கேட்கப்படாமலே போரிலுள்ள நாடுகளாயின. செப்டெம்பர் 22 ஆம் நாளிரவு எம்டன் என்னும் ஜேர்மானியக் கப்பல் சென்னைத் துறையில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தது. வடகடலிற் பிறந்த வழக்கொன்றைச் சென்னை மாந்தர் அன்றிரவு தம் கடற்கரையிலே கண்டனர். அக்கப்பலின் பெயர், எளிதிற் பிடிபடாத சூழ்ச்சிக்காரனைக் குறிக்குஞ் சொல்லாகத் தமிழர் வாயில் நிலைத்துவிட்டது.